காசாகப் போன சோழிகள்

சோழியே காசாகச் செல்லுபடியான காலம் அது. ஆழமில்லாத கடலில் அக்காவும் தங்கையுமாக இரண்டு சோழிகள் பாறையில் ஊர்ந்துகொண்டிருந்தன. அங்கே வந்த நண்டு ஒரு செய்தி சொன்னது.

“கரையில் உங்களுக்கு என்ன மதிப்பு தெரியுமா? சோழி கொடுத்தால் அரிசி கிடைக்கிறது. மாடுகூட வாங்கலாமாம்.”

“மாடா!” என்றது தங்கை. “நாம் இங்கே பாசியைத் தின்றுகொண்டு கிடக்கிறோமே, அக்கா.”

“ஓட்டுக்குள் இருக்கும் நம்மை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள்?”

“நல்லது வந்தாலே உனக்குப் பொறுக்காது.”

மறுநாள் மனிதர்கள் தென்னை ஓலைகளைக் கடலில் மிதக்கவிட்டார்கள். தங்கை முந்திக்கொண்டு ஏறி ஓலையைப் பற்றியது. அதைத் தனியே அனுப்ப மனமில்லாமல் அக்காவும் ஏறியது. ஓலைகளைக் கரைக்கு இழுத்து, சோழிகளை உதறி எடுத்து, சுடுமணலில் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

“பார்த்தாயா, புதையலைப் போலப் பத்திரமாக வைக்கிறார்கள்!” என்றது தங்கை. அக்கா முதலில் ஏதோ பதில் சொன்னது. பிறகு சொல்லவில்லை.

சில நாள் கழித்துக் குழியைத் திறந்தார்கள். அக்காவின் ஓடு காலியாக, பளபளவென்று இருந்தது. ஒருவர் அதைக் கழுவிப் பையில் போட்டார். அடுத்துத் தங்கையை எடுத்து அதன் வாயை விரலால் தடவினார். உள்ளே ஏதோ அசைந்தது.

“அக்கா, விலை பேசிவிட்டார்களா?” என்று கேட்டது தங்கை.

“இதில் இன்னும் உயிர் இருக்கிறது,” என்றார் அவர், பக்கத்தில் இருந்தவனிடம். “காசாக இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.”

அதைக் குழியில் போட்டு, காலால் மணலைத் தள்ளி மூடினார்.