பாகற்கொடியும் நார்க்கயிறும்

பாகற்கொடி வளராமல் நின்றுவிட்டது. பந்தலுக்கு இன்னும் ஒரு முழம் பாக்கி.

"அண்ணே, கழுத்தை நெரிக்குது. கொஞ்சம் தளர்ந்து கொடேன்," என்றது, தன்னைக் குச்சியோடு கட்டியிருந்த தேங்காய்நார்க் கயிற்றிடம்.

"விட்டா விழுந்துடுவே. உன்னை வளர்க்கிறதே நான்தான்."

"இலையெல்லாம் மஞ்சளாகுதே!"

"அதனாலதான் இன்னும் கெட்டியாப் பிடிக்கிறேன்."

மழை பெய்தது. நனைந்த கயிறு மேலும் இறுகியது. கொடி துவண்டது.

காலையில் முடிச்சை ஏதோ கடித்தது.

"ஐயோ, விடு! பிள்ளை விழுந்துடும்!" என்று அலறியது கயிறு.

"எனக்கென்ன? என் குட்டிகளுக்கு மெத்தை வேணும்," என்றது கடித்த வாய்.

கயிறு அறுந்தது. கொடி ஆடியது, சாய்ந்தது; பதறிப்போய்த் தன் பற்றுச்சுருளை வீசிக் குச்சியைத் தானே பிடித்துக்கொண்டது. அடுத்த வாரம் பந்தலில் பூத்தது.

நாரைக் கவ்விக்கொண்டு திரும்பிக்கூடப் பார்க்காமல் மரமேறியது, ஓர் அணில்.