நான் உட்கார்ந்திருந்த இடம்

டொக், டொக் என்று தட்டிக்கொண்டே என் வீட்டுக்காரர் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

நான் படகின் மேல்தளத்தில், பாய்மரத்தின் அடியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரமாக அசையவில்லை. கால் மரத்துப்போய்விட்டது.

எனக்கு அடியில் பலகை உளுத்திருந்தது.

வந்ததும் வராததுமாக ஏறிக் கைவைத்தபோதே தெரிந்துவிட்டது. கட்டைவிரலால் அழுத்தினால் ஊறிய ரொட்டி மாதிரி உள்ளே போகிறது. எவ்வளவு ஆழம் என்று குடைந்து பார்க்க ஆசைதான். அதற்குள் அவர் ஏணியில் ஏறிவிட்டார். சட்டென்று அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாங்கள் வாங்க வந்த படகுக்கு முப்பத்திரண்டு வயது. ஒரே ஒரு கோளாறு கண்ணில் பட்டாலும் பேசாமல் திரும்பிவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே கறாராகச் சொல்லியிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். எது அறும், எது கழன்று விழும் என்று யோசிப்பதுதான் பிழைப்பு. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டுவார், காதை வைத்துக் கேட்பார், அடுத்த பலகைக்கு நகர்வார். கல்யாணத்துக்கு முன் என்னைப் பற்றியும் இப்படித்தான் விசாரித்திருப்பார்.

எனக்கு இந்தப் படகு வேண்டும். ஏரிக்கரையில் நின்று வேடிக்கை பார்த்தே பதினோரு வருஷம் ஓடிவிட்டது. பாய்மரப் படகு காற்றுக்கு எதிராகக்கூடப் போகுமாம், வளைந்து வளைந்து. எப்படி என்று யார் விளக்கியும் என் மரமண்டையில் ஏறவில்லை. ஒரு தடவை ஓட்டிப் பார்க்காமல் போனால் என் கட்டை வேகாது.

படகை விற்கிற தபால்காரர் இரண்டு முறை வந்து, நாற்காலி கொண்டுவரட்டுமா என்று கேட்டார். எனக்கு இதுதான் வசதி என்று பல்லைக் காட்டினேன்.

டொக். டொக்.

அவர் நெருங்க நெருங்கப் புடவையை இன்னும் பரப்பிக்கொண்டேன். நடு ஏரியில் இந்தப் பலகை உடைந்து, பாய்மரம் சாய்ந்தால்? மனுஷனுக்கு நீச்சல்கூட ஒழுங்காக வராது. சே, என்ன பொம்பளை நான் என்று என் மேலேயே கோபம் வந்தது.

என் இடப்பக்கம் தட்டினார். டொக். வலப்பக்கம் தட்டினார். டொக். குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"தெரியும். ஒரு சாண் அகலம், ரெண்டு சாண் நீளம். போன புதன்கிழமையே வந்து அளந்துட்டேன். வேற எங்கயாவது இருக்கான்னுதான் தேடிட்டிருக்கேன்."

புதன்கிழமை, ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனவர்.

எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. அவர் என் காலைப் பிடித்து மெதுவாக நீட்டிவிட்டார்.

"அதுக்குப் பலகை அறுத்து, நம்ம கட்டிலுக்கு அடியில வெச்சிருக்கேன்."