பனிக்குடத் தோல்

சோலை கஞ்சியை ஊதி ஊதி ஊட்டுவதைச் சாந்தம்மாள் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது எதிர்க்கட்டில் முத்துப்பேச்சி, அவன் பெண்டாட்டி. இடது கன்னமும் கழுத்தும் வெந்து கிடந்தன. ஒவ்வொரு கரண்டிக்கும் அவள் முகம் சுளிக்க, அவன் முகமும் கூடவே சுளித்தது.

சாந்தம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் விடியற்காலையில்தான் பிள்ளை பெற்றிருந்தாள். தலைச்சன், அதுவும் ஆண். பக்கத்தில் துணிக்குள் சுருண்டு தூங்கினான். தகப்பன்காரன் இன்னும் கிட்டே வந்து முகம் பார்க்கவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் இவளுக்கு வலி கண்டதும் வெந்நீர் வைத்தது முத்துப்பேச்சிதான். அவசரத்தில் அண்டாவை ஒண்டியாகத் தூக்கித் தன் மேலேயே கவிழ்த்துக்கொண்டாள். எஸ்டேட் ஜீப்பில் இரண்டு பேரையும் ஒன்றாகப் போட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள்.

எஸ்டேட் லயத்துக் குடியிருப்பே திரண்டு பார்க்க வந்தது. வந்தவர்கள் நேரே எதிர்க்கட்டிலுக்குப் போனார்கள். ஹார்லிக்ஸ் அங்கே, ஆரஞ்சும் அங்கே. திரும்புகிற வழியில் பிள்ளையை எட்டிப் பார்த்து, முத்துப்பேச்சி புண்ணியத்தில் நல்லபடியாகப் பெற்றுவிட்டாய் என்றார்கள். வலி இவளுக்கு, புண்ணியம் அவளுக்கு.

சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுப் படம் ஒட்டியிருந்தது. ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். நாலு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சாந்தம்மாள் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

புதிதாக வந்த டாக்டரம்மா முத்துப்பேச்சியின் கன்னத்தைப் பார்த்துவிட்டு இவளிடம் வந்தார். மலையாளம் கலந்த தமிழில் பொறுமையாகச் சொன்னார்.

பிள்ளை மிதந்த பனிக்குடத்தின் தோல் நஞ்சுக்கொடியோடு வந்திருக்கிறது. அதைக் கழுவி வெந்த இடத்தில் போர்த்தினால் எரிச்சல் அடங்கும், சீழ் பிடிக்காது. பிறக்காத ஆட்டுக்குட்டிக்குக் காயம் பட்டால் தழும்பில்லாமல் ஆறுவதை எங்கோ பார்த்திருக்கிறார்களாம். அப்படி ஆற்றுகிற ஒரு தோலை மனுஷன் கையாலேயே செய்துவிட வேண்டும் என்பது டாக்டரம்மாவின் ஆசை. அது வருகிறவரை நம்மிடம் இருப்பது இதுதான் என்றார்.

"அப்ப அவ கன்னத்துல தழும்பு விழாதா?"

விழாமலும் போகலாம், உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா.

கட்டில் காலடியில் சாந்தம்மாளின் தாய் சுருளியம்மாள் மண்சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். நஞ்சுக்கொடியை அதில் வாங்கிப்போய், பிள்ளையின் தகப்பனே குழி வெட்டிப் புதைக்க வேண்டும். அதுவரை அவள் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடுவதாக இல்லை.

"முழுசாப் புதைக்கணும் தாயி. ஒரு துணுக்குக் கொறஞ்சாலும் பிள்ளைக்கு ஆகாது. அதுவும் வயிறு தொறக்காதவ மேலயா போத்துவாக?"

சுருளியம்மாளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. முத்துப்பேச்சி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சோலை தோள் துண்டின் நுனியால் அவள் கண்ணைத் துடைத்தான்.

நேற்று ஜீப்பில் அந்தக் கன்னத்தைப் பார்த்தபோது சாந்தம்மாளின் மனசு ஒரு கெட்ட கணக்குப் போட்டிருந்தது. இந்த அழகுக்குத்தானே இத்தனை கொண்டாட்டம், இனி யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்று. இப்போது என்னடாவென்றால், வெந்த முகத்தைத்தான் அவன் கண்ணெடுக்காமல் பார்க்கிறான். நல்ல முகமாக இருந்தபோதுகூட இப்படிப் பார்த்ததில்லை.

"எடுத்துக்கோங்கம்மா" என்றாள் சாந்தம்மாள்.

சுருளியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். உனக்குப் பெரிய மனசு என்று டாக்டரம்மா இவள் தோளைத் தட்டினார். சாந்தம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அடிவயிறு வலிக்குமே என்று அடக்கிக்கொண்டாள்.

"குஞ்ஞோட அச்சன்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணுமே. அப்பா எங்கே?"

சாந்தம்மாள் மோவாயால் எதிர்க்கட்டிலைக் காட்டினாள்.

"அந்தா இருக்காகளே, அவுகதான். மூத்தவளுக்குச் சட்டுனு போத்திவிடுங்கம்மா. அவ எந்திரிச்சாத்தான் அவுக இங்கிட்டு வருவாக."