தேதி இல்லாத பூச்சி

"பேனாவ அழுத்தாம எழுதோணும். சீட்டுக் கிழிஞ்சுதுன்னா பூச்சி குப்பைக்குத்தான்" என்றார் பேராசிரியர் ஆறுமுகசாமி.

பூச்சியின் ஊசியில் கோக்கிற அந்தச் சீட்டு கட்டைவிரல் நகத்தளவு. பேராசிரியருக்குக் கை நடுங்கும். அதனால் ஏலத்தோட்டத்து மஸ்டர் ஆபீசில் உட்கார்ந்து நூற்றிருபது பேருக்கு தினமும் ஆஜர் எழுதுகிற வேதமுத்துவிடம் பேனாவைக் கொடுத்திருந்தார்.

மேசைமேல் தக்கையில் ஊசி குத்திய ஒரு பூச்சி. காப்பிப்பொடி நிறம், சிறகில் நாலைந்து வெள்ளைப் பொட்டு, நுனி கொக்கியாய் வளைந்த மீசை. வண்ணத்துப்பூச்சி என்று சொன்னால் மற்ற வண்ணத்துப்பூச்சிகள் கோபித்துக்கொள்ளும். விட்டில் என்று சொன்னால் பேராசிரியர் கோபித்துக்கொள்வார்.

ஸ்கிப்பர், அதாவது தாவி, என்பது அதன் குடும்பப் பெயர். அந்தக் குடும்பத்துக்கே தாம்தான் பெரியவர் என்பது பேராசிரியரின் எண்ணம். பத்து வருடம் முன்பு இரண்டு வகைத் தாவிகளை ஒரே இனம் என்று நிரூபித்து மாலை வாங்கினார். இப்போது அதே ஒன்றை இரண்டாக்கி இன்னொரு மாலைக்கு வழி பண்ணிக்கொண்டிருந்தார்.

வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே அச்சு. ஆண் பூச்சியின் வயிற்று நுனியை வெட்டி, காரக் கரைசலில் கொதிக்கவைத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் எது என்ன இனம் என்று தெரியுமாம்.

மனிதர்களை நாம் இவ்வளவு சிரமப்படாமலே பிரித்துவிடுகிறோம்.

போன வருடம் அவர் வலையைத் தூக்கிக்கொண்டு ஏலச்செடிகளுக்கு நடுவே நான்கு நாள் ஓடினார். தாவி தாவியது. பேராசிரியர் விழுந்தார்.

களை வெட்டிக்கொண்டிருந்த கத்தரீனாள்தான் அவரைத் தூக்கிவிட்டாள். வேதமுத்துவின் மகள், பத்தொன்பது வயது. ஓரம் மடங்கி, நூல் போட்டுத் தைத்த மாதிரி சுருண்டிருந்த ஓர் ஏல இலையைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே பச்சைப் புழு.

"எதுக்கு சார் ஓடுதீய? அது வீட்டுக்குள்ள இருக்கையிலயே பிடிச்சிர வேண்டியதுதானே?"

அதற்குப் பிறகு அவர் ஓடவில்லை. அவள் வளர்த்தாள். பாட்டில் பாட்டிலாகப் புழு. தினமும் புது இலை வைத்து, எச்சம் துடைத்து, கூட்டிலிருந்து பூச்சி வெளியே வந்ததும் முக்கோணமாக மடித்த காகிதத்தில் வைத்து, மேலே தேதி எழுதினாள். மொத்தம் நாற்பத்தொரு மடிப்பு.

நேற்றுச் சாயங்காலம் பேராசிரியர் வந்தார். மடிப்புகள் எங்கே என்று வேதமுத்துவிடம் கேட்டார். எறும்பு ஏறாமல் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். வேறெதுவும் கேட்கவில்லை.

இன்று காலை, தாம் தங்கியிருந்த தோட்டத்துப் பங்களாவின் டீ அடுப்பிலேயே வெட்டிக் கொதிக்கவைத்துப் பார்த்தார். நாற்பது பூச்சிகள் ஊரறிந்த பழைய இனம். நாற்பத்தொன்றாவது, அவர் தேடிக்கொண்டிருந்த இரண்டாவது இனத்து ஆண்.

அந்த ஒரு மடிப்பில் மட்டும் தேதி இல்லை.

தேதி இல்லாத பூச்சியை எந்த மியூசியமும் வாசற்படி ஏற்றாது. பேராசிரியர் குளிக்காமல் மஸ்டர் ஆபீசுக்கு ஓடி வந்தது அதனால்தான்.

"எடம் உடும்பஞ்சோலைன்னு போட்டாச்சா? அடுத்தது தேதி. கூட்ட விட்டு வெளிய வந்த நாளு."

"அதுக்குக் கீழ என்ன சார்?"

"புடிச்சவங்க பேரு. என்ற பேரப் போடு."

வேதமுத்து பேனாவை மூடினான்.

"பிடிச்சது கத்தரீனா சார்."

"அதுக்கெல்லாம் ஒரு மொறை இருக்குதப்பா. களை வெட்டற புள்ளையோட பேரப் பாத்தா வெள்ளக்காரன் சிரிப்பான்."

"சிரிச்சிட்டுப் போறான். தேதி எனக்கு மட்டுந்தான் சார் தெரியும்."

பேராசிரியருக்கு முகம் சிவந்தது. மூன்று நாட்டுச் சங்கங்களில் உறுப்பினர் அவர். எட்டாம் வகுப்போடு நின்ற ஒரு மஸ்டர் எழுத்தர் முன்னால் இப்படி நிற்கவேண்டி வரும் என்று அந்தச் சங்கங்கள் எதுவும் எச்சரித்ததில்லை. பூச்சியைப் பார்த்தார். வேதமுத்துவைப் பார்த்தார். மறுபடி பூச்சியைப் பார்த்தார்.

"செரி, எழுதித் தொலை. ஆனா சீட்டுல பொய்யி மட்டும் ஆகாது. இந்த நாள்ல, இந்த எடத்துல, இந்த ஆளு இருந்துச்சுன்னு அர்த்தம். எரநூறு வருசங் கழிச்சும் ஒருத்தன் எடுத்துப் பாத்து அத நம்புவான்."

"எரநூறு வருசம் இருக்குமா சார் இது?"

"அதுக்கு மேலயும் இருக்கும்."

வேதமுத்து பேனாவைத் திறந்தான். 19 ஜூன் 1974. அதன் கீழே, கடுகளவு எழுத்தில், கத்தரீனாள்.

மை காயும்வரை ஊதினான். தேவைக்கு மேலேயே ஊதினான்.

பேராசிரியர் சீட்டை வாங்கிப் பூச்சியின் ஊசியில் கோத்தார். பெட்டியை மூடியதும் பெருந்தன்மை வந்துவிட்டது.

"எங்க உன்ற புள்ள? கூப்புடு, நல்லா செஞ்சேன்னு ஒரு வார்த்த சொல்லிப்போட்டுப் போறேன்."

"நான் சொல்லிக்கிடுதேன் சார்."

ஜீப் வளைவில் திரும்பி மறைந்தது. வேதமுத்து அலமாரியிலிருந்து ஜூன் மாதத்து ஆஜர் புத்தகத்தை எடுத்துப் பிரித்தான்.

கத்தரீனாளின் பெயருக்கு நேரே ஐந்தாம் தேதிவரை ஆஜர். ஆறு, ஏழு, காய்ச்சல். எட்டாம் தேதி விடியற்காலை, போடி ஆஸ்பத்திரிக்கு இறங்குகிற ஜீப் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அன்றைய கட்டத்திலிருந்து முப்பதாம் தேதிவரை குறுக்காக ஒரு கோடு. பத்தொன்பதின் மேலேயும் அது போயிருந்தது. அன்று கூட்டைவிட்டு வந்த பூச்சியை மடித்து வைத்தது அவன்தான்.

எல்லோருக்கும் ரூலர் வைத்துக் கோடு போடுகிறவன் வேதமுத்து. அந்தக் கோடு மட்டும் கோணலாக இருந்தது.