சேஸில் ஒரு கீறல்

“பிடிச்சிருக்குன்னு முகத்துல காட்டிக்காதீங்க மாமா. பேசுற வேலையை என்கிட்ட விட்டுடுங்க” என்று, பைக் விற்கும் டீச்சர் வீட்டு வாசலிலேயே எச்சரித்தான் மெக்கானிக் மைத்துனன்.

மருந்துக்கடைக்காரர் பூம்பூம் மாடாகத் தலையாட்டினார். ஆனால் ஷெட்டில் நின்ற டூரிங் பைக்கைப் பார்த்ததும் மனசு துள்ளியது. இரண்டு பக்கமும் பெட்டி, அகலமான சீட். இந்த மாடல் இப்போது வருவதே இல்லை.

“சம்சாரத்தோட மலைப்பக்கமா டூர் போகணும் டீச்சர். கல்யாணமான புதுசுல கொடுத்த வாக்கு” என்று உளறியேவிட்டார்.

மைத்துனன் முறைத்தான். வண்டிக்கு அடியில் டார்ச் அடித்து உச்சுக் கொட்டினான்.

“சேஸில, அதான் வண்டியோட அடிச்சட்டத்துல, கீறல் விட்டிருக்கு டீச்சர். வேகமா போறப்ப ரெண்டா பிளந்துக்கும். பாதி விலைன்னா எடுத்துக்கிறோம்.”

கீறலாவது, ஒன்றாவது! விலையைக் குறைக்க அவிழ்த்துவிட்ட புளுகு. “ஆமா, எனக்கே தெரியுதே” என்று கடைக்காரரும் ஒத்து ஊதினார்.

ரிட்டயர்டு டீச்சரின் முகம் வாடிவிட்டது. “வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் யாரும் தொடாத வண்டி. எனக்கு இதெல்லாம் எங்க தெரியும்? நாளைக்கு வாங்க, யோசிச்சுச் சொல்றேன்.”

“அழுத்தக்காரி மாமா! வேற பார்ட்டி மாட்டியிருக்கும்” என்று தெருமுனைவரை பொருமிக்கொண்டே வந்தான் மைத்துனன்.

கடைக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் கடையைக்கூடத் திறக்காமல், டீச்சர் கேட்ட முழு விலையையே கொடுத்துவிடுவதென்று தனியாகக் கிளம்பினார்.

ஷெட் காலியாக இருந்தது.

“வித்துட்டீங்களா டீச்சர்?”

“பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு, என் கண்ணு முன்னாடியே வெட்டி எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டேன்.”

“ஐயையோ! அதான் நாங்க எடுத்துக்கிறோம்னு சொன்னோமே?”

“பிளந்துக்கிற வண்டின்னு தெரிஞ்சும் எப்படித் தம்பி கொடுப்பேன்? பின்னாடி உங்க சம்சாரம்தானே உட்கார்ந்து வருவாங்க?”

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று பார்த்தார். இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது? வெட்கம் பிடுங்கித் தின்ன, காலி ஷெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் கண் கலங்கக் கைகூப்பினார்.

“நீங்க போனதும் இன்னொருத்தர் முழு விலையோட வந்தார். திருப்பி அனுப்பிட்டேன். உங்களை மாதிரி உண்மையானவங்க முந்தி வந்ததால ஒரு உயிர் பிழைச்சுது!”