அறுபத்தொரு வாட்டி

சத்தியமா சொல்றேன், இதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தா என் மோட்டார் சைக்கிள் நாளைக்கு ஸ்டார்ட் ஆவாம போவட்டும். இன்னிக்கும் ஆவல, அது வேற கதை.

எண்பத்தொன்னுல நான் ஈப்போ பக்கத்துல ஒரு ரப்பர் ஆராய்ச்சி ஆபீஸ்ல பியூன். படிப்பு மூணாவது. அங்க ஸ்கந்தராஜா ஐயாதான் பெரிய ஆராய்ச்சிக்காரரு. வயசு அம்பத்து நாலு, அடுத்த வருசம் பென்சன். கோலாலம்பூர்ல தலைமைப் பதவி ஒன்னு காலியா இருந்துச்சு. இப்ப கெடைச்சாத்தான் உண்டு.

ஐயாவ எடை போட்டுப் பாக்க கோலாலம்பூர்லேர்ந்து இளையதம்பி ஐயா வந்து எறங்கினாரு, தலகாணி கனத்துல ஒரு புஸ்தகத்தோட.

"என்னங்கய்யா இது?"ன்னேன், கோப்பிய வச்சிக்கிட்டே.

"ஆராய்ச்சிக்காரற்ர பேரை மத்தவை தங்கட கட்டுரையில எத்தனை தரம் சொல்லியிருக்கினம் எண்டு பாக்கிற புத்தகம். ஆனா பீல்டுக்குப் பீல்டு வித்தியாசம் இருக்கு, சன்னாசி. வைத்திய பீல்டில நூறு சாதாரணம். ரப்பர் பீல்டில பத்தே பெரிசு. எல்லா பீல்டும் பாத்து நாளைக்கு முடிவு சொல்லவேணும்."

எனக்கு டக்குனு புரிஞ்சிருச்சு. மேட்டு பீல்டு மரமும் ஆத்தோர பீல்டு மரமும் ஒரே மாதிரியா பால் குடுக்கும்? ரெண்டையும் ஒரே வாளியில அளக்கலாமா?

பாவம், கோட்டு போட்ட மனுசன் வெயில்ல எத்தனை பீல்டுதான் அலைவாரு? நாம ஒத்தாசை பண்ணுவோம்னு மறுநாள் காலையில நோட்டும் பென்சிலுமா பக்கத்து எஸ்டேட்டு ஏழாம் நம்பர் பீல்டுக்குப் போயிட்டேன்.

முத்தம்மாக்கா மரம் சீவிக்கிட்டு இருந்துச்சு.

"அக்கா, ஸ்கந்தராஜா ஐயா பேர இங்க யாராச்சும் சொல்றீங்களா?"

"சொல்லாத நாளே இல்லடா!"

நோட்டுல ஒரு கோடு போட்டேன்.

"நாசமா போறவன்னு சொல்றோம்! எழுவத்திரெண்டுல அவன் எழுதுனான்னுதான பட்டையில மருந்து பூசச் சொன்னாங்க? மொதல்ல பால் கொட்டுச்சு. அப்புறம் என் நெரையில பாதி மரம் ஒரு சொட்டு இல்லாம காஞ்சிருச்சு. சம்பளமும் பாதியாச்சு. என் மவ பள்ளிக்கூடம் அதோட நின்னுச்சு."

கோட்ட அழிச்சேன்.

"எழுவத்தி நாலுல எவனோ ஒரு புண்ணியவான் எழுதிப் போட்டு மருந்த நிறுத்துனான். அவன் பேரு மட்டும் தெரிஞ்சா சாமி மேடையில வச்சிருப்பேன்."

ஆபீசுக்குத் திரும்பினா, இளையதம்பி ஐயாவுக்கு மொகமெல்லாம் பல்லு.

"அறுபத்தொரு தரம்! ரப்பர் பீல்டில இது மலை, ஸ்கந்தராஜா! உம்மோட போட்டி போடுறவருக்குப் பதினேழுதான். பதவி உமக்குத்தான்."

நான் வாய மூடிக்கிட்டேன். ஏழாம் நம்பர் கணக்கு இப்ப எதுக்குலா?

ஸ்கந்தராஜா ஐயா கண்ணாடியக் கழட்டுனாரு. "எண்ணினது சரி. வாசிச்சனீங்களோ?"

"ஏன்?"

"அம்பத்தெட்டு இடத்தில 'ஸ்கந்தராஜா சொன்னது பிழை' எண்டுதான் என்ர பேர் வருது."

இளையதம்பி ஐயா படிவத்தத் தட்டிக் காட்டுனாரு.

"ஐயோ, அதை ஏன் இப்ப கதைக்கிறீர்? படிவத்தில எண்ணிக்கைக்குத்தான் கட்டம் இருக்கு. சரி, பிழைக்குக் கட்டம் இல்லை."

"மரம் காஞ்சுபோன சனத்துக்கு இருக்கு. திருத்தி எழுதுங்கோ."

இளையதம்பி ஐயா பேனாவ எடுத்தாரு. அறுபத்தொன்ன அடிச்சிட்டு மூணுன்னு எழுதுனாரு. பதவி போச்சு.

எனக்கு ஆத்திரம் வந்திருச்சு. முத்தம்மாக்காவோட புண்ணியவான், எங்க ஐயாவுக்குப் பாவியா நிக்கிறானேன்னு.

"பிழைன்னு மொதமொதல்ல எழுதி இவரு தலையில மண்ண அள்ளிப் போட்ட ஆளு யாருங்கய்யா?"ன்னு கேட்டுட்டேன்.

இளையதம்பி ஐயா புஸ்தகத்தத் தொறந்து வெரல ஓட்டுனாரு. எழுவத்தி நாலுல நின்னுச்சு வெரலு. அவரு கோப்பி ஆறிப்போற வரைக்கும் அங்கேயே நின்னுச்சு.

"கே. ஸ்கந்தராஜா"ன்னாரு, எங்க ஐயாவையே பாத்து.

நான் நோட்ட எடுத்து, அழிச்ச கோட்ட மறுபடி போட்டேன்.

கேட்டாச்சில்ல? இப்ப கூலிய எடுங்க. ஒரு தே தாரிக், நல்லா ஆத்துன பால் டீ, சக்கரை தூக்கலா. அதுக்கு மனசில்லாட்டி, நாலு பேருகிட்ட சன்னாசி பேர சொல்லுங்க. வைதாலும் பரவால்ல, கணக்குல ஏறும்லா!