காலை ஷிஃப்ட்

எலியேசர் தன் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்த நாளன்று, அவள் கட்டிலோரம் நர்ஸ் தூங்கிக்கொண்டிருந்தாள்.

லேசான தூக்கம் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தலையைக் கட்டில் கம்பியில் சாய்த்து, வாய் திறந்து தூங்கினாள். கட்டிலில் தபீதாள் ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு விழித்திருந்தாள்.

"ஏம்மா! இதுக்குத்தான் உன்னை வேலைக்கு வச்சிருக்காங்களா?"

நர்ஸ் பதறி எழுந்ததில் ஸ்டூல் விழுந்தது. "சாரி சார்... கண்ணு அசந்துட்டேன்."

"பேஷன்ட் முழிச்சிருக்காங்க, நர்ஸ் தூங்குது. நல்லா இருக்கும்மா உங்க ஆஸ்பத்திரி!"

தபீதாள் மாஸ்க்குக்குள்ளிருந்து ஏதோ சொல்லப் பார்த்தாள். வரவில்லை. கையை ஆட்டினாள். பாவம், பயந்துபோயிருக்கிறாள் என்று எலியேசர் நினைத்தார். தனியாக இருப்பதென்றால் அவளுக்குப் பயம். பிள்ளைகள் இல்லாத வீடு. பெண்கள் வார்டு என்பதால் காலை பத்து மணிக்கு முன்னும் இரவு எட்டு மணிக்குப் பின்னும் ஆண்களை விடமாட்டார்கள். சேர்த்த நாளிலிருந்து அவளிடம் ஒரே பேச்சுதான்: "என்னைத் தனியா விட்றாதீங்க."

"நீ அலட்டிக்காதே தபி. நான் பாத்துக்கிறேன்."

எலியேசர் ஒரு பேக்டரியில் முப்பது வருஷம் டைம் ஆபீஸில் இருந்தவர். மிஷின் பக்கத்தில் தூங்கியவனை ஒருநாளும் சும்மா விட்டதில்லை. நேரே கீழே இறங்கி, மேனேஜர் சத்தியநாதன் அறைக்குப் போனார்.

"சாயங்காலம் நாலு மணி அஞ்சு நிமிஷம். நர்ஸ் தூங்குது, பேட்ஜ்ல ஜஹீரான்னு பேர். எழுதிக்குங்க."

"ஜஹீராவா சார்? அது எங்க பெர்மனென்ட் ஸ்டாஃப் இல்லை. பல்லாவரத்துல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில வேலை. அங்க டூட்டி இல்லாத நேரத்துல இங்க டெய்லி ஷிஃப்டுக்கு வரும். வர்ற அன்னிக்கு மட்டும் சம்பளம்."

"ஓகோ. அங்க முழிச்சிருந்து சம்பளம், இங்க தூங்கி சம்பளமா?"

மேனேஜர் சிரித்துவிட்டார். "கரெக்டா சொன்னீங்க. டெய்லி ஆளுக்கு மெமோ கூடத் தேவையில்லை சார். நாளையிலேர்ந்து வராதேன்னு ஒரு போன். முடிஞ்சுது."

எலியேசருக்கு மனசு ஆறியது. மேலே வந்தபோது ஜஹீரா போயிருந்தாள். எட்டு மணிவரை மனைவியின் காலைப் பிடித்துவிட்டு, ஜெபம் பண்ணிவிட்டு, வீட்டுக்குப் பஸ் ஏறினார்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு போன் வந்தது. "தூக்கத்திலேயே போயிட்டாங்க சார்."

மூன்று வாரம் கழித்து, டெத் ரிப்போர்ட் காப்பி வாங்கப் போனார். இன்சார்ஜ் சிஸ்டர் பிளஸ்ஸி ஃபைலைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அந்தத் தூங்குமூஞ்சி இன்னும் வருதா சிஸ்டர்?"

பிளஸ்ஸியின் கை நின்றது.

"ஜஹீரா இப்ப வர்றதில்லை அங்கிள். பக்கத்து ஆஸ்பத்திரிகள்லயும் கூப்பிட மாட்டேங்கிறாங்க. கம்ப்ளெய்ன்ட் வாங்குன ஆளுன்னு. வீட்டுக்காரர் இடுப்பு உடைஞ்சு படுத்திருக்கார்."

"வேலை நேரத்துல தூங்குனா?"

"அவ தூங்குனாதான், நான் இல்லேன்னு சொல்லலை. முந்தின நைட்டு பல்லாவரத்துல டூட்டி. காலையில அப்படியே இங்க வந்துட்டா. ஆனா இங்க அவ டூட்டி ரெண்டு மணிக்கே முடிஞ்சிடுச்சு அங்கிள்."

"ரெண்டு மணிக்கா?"

"கையெழுத்துப் போட்டு, பேகை மாட்டிக்கிட்டு கிளம்பினவதான். ஆன்ட்டி அவ கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'அவர் ரெண்டு மணிக்கு வந்துடுவார்மா, அதுவரைக்கும் இரு'ன்னு. சரின்னு உக்காந்தா. நாலு ஆச்சு, நீங்க வரலை."

அன்று இரண்டு மணிக்கு எலியேசர் கோவிலம்பாக்கத்தில், வீட்டில் இருந்தார். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் சாய்ந்தவர், கண் விழித்தபோது மூன்றே கால். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

முப்பது வருஷம், ஆள் உள்ளே வரும் நேரமும் வெளியே போகும் நேரமும் எழுதிய மனிதர். ஜஹீரா வெளியே போகவேண்டிய நேரத்தை மட்டும் அவர் கேட்கவில்லை.

"அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல விட்டீங்களா அங்கிள்?"

எலியேசர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு, "அவ நம்பர் குடுங்க சிஸ்டர். நான் பேசணும். மேனேஜர்கிட்டயும் நானே சொல்றேன்" என்றார்.

பிளஸ்ஸி டூட்டி நோட்டைப் புரட்டினார். டெய்லி ஆட்களின் நம்பரைப் பெயருக்குக் கீழேயே எழுதுவது வழக்கம். ஒரு பக்கத்தைப் பார்த்ததும் சட்டென்று தாளைத் திருப்பப் போனார்.

"இருங்க" என்றார் எலியேசர்.

அந்தத் தேதி அவருக்கு மனப்பாடம். கல்லறைக் கல்லில் வெட்டக் கொடுத்திருந்தார்.

"அன்னைக்கும் காலை ஷிஃப்ட் அவளுக்குத்தான் போட்டிருந்தோம் அங்கிள்" என்றார் பிளஸ்ஸி, மெதுவாக.

தபீதாள் இருந்த வார்டுக்கு நேரே, ஜஹீராவின் பெயர் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. அதற்குப் பதிலாக வேறு பெயர் எதுவும் எழுதப்படவில்லை.